மெல்போர்னுக்குக் காயப்பொடி, வற்றல், தடியங்காய் விதை: எதைக் கொண்டு போகலாம்?

கல்லிடை டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் 14-ஆம் தேதி திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி, சிங்கப்பூரில் மாறி, மெல்போர்ன் போகிறேன். மகளுக்குத் தலைப்பிரசவம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று கேட்டு வளர்ந்தவள் நான். இப்போது தாய்வீடே பெட்டிக்குள் ஏறிப் போக வேண்டியிருக்கிறது. அதனால்தான் இந்தக் கேள்வி.

கட்டிலில் பரப்பி வைத்திருப்பதை அப்படியே சொல்லிவிடுகிறேன். பிரசவக் காயப்பொடி (பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்துப்பொடி) ஒன்றரைக் கிலோ, நானே இடித்துச் சலித்தது. உடன்குடிக் கருப்பட்டி மூன்று கிலோ. எங்கள் ஊர் அப்பளம் பத்துக் கட்டு. மிதுக்க வற்றல், சுண்டை வற்றல், மோர் மிளகாய். மருமகனுக்கு இட்லி என்றால் உயிர் என்பதால் அம்பை 16 புழுங்கலரிசி நான்கு படி. நிழலில் உலர்த்திய கறிவேப்பிலை ஒரு பை. திருநெல்வேலி அல்வா இரண்டு கிலோ. பிள்ளையைக் கிடத்த ஒரு பத்தமடைப் பாய். விளையாட மரச் சொப்புச் சாமான் ஒரு பெட்டி.

கடைசியாக, விதை. மகள் வீட்டுக்குப் பின்னால் நல்ல இடம் கிடக்கிறதாம். என் ஆச்சி காலத்திலிருந்து எங்கள் வீட்டில் ஒரே தடியங்காய்தான் காய்த்து வருகிறது. (வெளியூர்க்காரர்களுக்கு: தடியங்காய் என்றால் வெள்ளைப் பூசணி.) சாணத்தை வட்டமாகத் தட்டி, ஈரம் காய்வதற்குள் விதைகளை ஒவ்வொன்றாக விரல் நுனியால் அழுத்திச் சுவரில் ஒட்டிவிடுவோம். காய்ந்தபின் வறட்டியோடு எடுத்துக் கட்டித் தொங்கவிட்டால் அடுத்த ஆடி வரைக்கும் ஒரு பூச்சி தொடாது. அந்த வறட்டியில் ஒன்றையும், அவரை விதை ஒரு கைப்பிடியும் கொண்டு போக ஆசை.

"அத்தை, ஒன்றும் கொண்டு வர வேண்டாம், இங்கே எல்லாம் கிடைக்கும்" என்கிறார் மருமகன். அடுத்த வீட்டு மதினி, "சேலை மடிப்புக்குள் வைத்து அடியில் போட்டுவிடு. கேட்டால் இங்கிலீஷ் தெரியாது என்று சொல்லிவிடு" என்கிறாள். முப்பத்துமூன்று வருடம் ஆங்கிலப் பாடம் நடத்தியவளுக்கு வந்த யோசனையைப் பாருங்கள். உண்மையில் எது போகும், எது போகாது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

வீரவநல்லூரான் எழுதியது:

டீச்சரம்மா, நான் மெல்போர்னில்தான் இருக்கிறேன். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதியை 420 டாலர் கொடுத்து வாங்கியவன்.

2018-இல் நடந்தது. ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினேன். விமானத்தில் ஒரு அட்டை கொடுப்பார்கள். உணவு இருக்கிறதா, விதை இருக்கிறதா, மரச்சாமான் இருக்கிறதா என்று வரிசையாகக் கேள்விகள். தூக்கக் கலக்கத்தில் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று குறித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பெட்டி வரும் இடத்தில் ஒரு கறுப்பு லாப்ரடார் நாய் ஒவ்வொரு பையாக முகர்ந்துகொண்டு வந்தது. குரைக்கவில்லை, பாயவில்லை. என் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது. அவ்வளவுதான். திறந்து பார்த்தால், எனக்கே தெரியாமல் அம்மா இரண்டு சட்டைகளுக்கு நடுவே பச்சைக் கறிவேப்பிலையும் ஒரு துணி முடிச்சில் வற்றல் மிளகாயும் வைத்திருந்தார்கள். "எனக்குத் தெரியாது" என்றேன். "கையெழுத்து உங்களுடையதுதானே" என்றார் அதிகாரி. அபராதம் சரியாக 420 டாலர். அந்த எண்ணைப் பார்த்து நம்மூரில் ஒருவன் சிரிக்கிற மாதிரி அங்கே யாரும் சிரிக்கவில்லை.

இப்போது தொகை அதைவிட அதிகம், ஆயிரக்கணக்கில் போகலாம். அதோடு 2019 முதல், மறைத்துக் கொண்டுவருபவர் தற்காலிக விசாவில் வந்தவராக இருந்தால் விசாவையே அங்கேயே ரத்து செய்து திருப்பி அனுப்பவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. நீங்கள் பார்வையாளர் விசாவில்தானே வருகிறீர்கள்? மதினி சொன்ன வழியில் போனால், பேரப்பிள்ளை முகத்தைப் பார்க்காமலே திருவனந்தபுரத்துக்குத் திரும்ப நேரிடலாம்.

ஆகவே முதல் வேலை, அட்டையில் "ஆம்" என்று குறிப்பது. எழுதிக் காட்டிய பொருளை அவர்கள் எடுத்துக் குப்பையில் போடலாம். அதற்கு அபராதம் கிடையாது. எழுதாமல் விட்டதற்குத்தான் அபராதம். இந்த ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்.

இனி உங்கள் கட்டிலுக்கு வருகிறேன். அரிசியை இறக்கி வைத்துவிடுங்கள். மோர் மிளகாயையும்தான். 2020 அக்டோபர் முதல் பயணிகள் பெட்டியில் வரவே கூடாது என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். அரிசி, கோதுமை, கொண்டைக்கடலை, பாசிப்பயறு, தட்டைப்பயறு, துவரை, நிலக்கடலை, கொத்தமல்லி விதை, சீரகம், பெருஞ்சீரகம், காய்ந்த மிளகாய் எல்லாம் அதில் உண்டு. பூசணிக் குடும்பத்து விதைகளும் உண்டு. சமைப்பதற்கா, விதைப்பதற்கா என்ற கேள்வியே இல்லை. காரணம் கப்ரா வண்டு. எள்ளளவு பூச்சி, இந்தியத் துணைக்கண்டம்தான் அதற்குப் பூர்வீகம். அதன் புழு இரை இல்லாமல் சாக்குத் தையலிலும் பலகை இடுக்கிலும் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தானியக் கிடங்கில் ஒருமுறை புகுந்துவிட்டால் லேசில் போகாது. ஆஸ்திரேலியா கோதுமை விற்றுப் பிழைக்கிற நாடு. அந்த வண்டு வந்துவிட்டால் வாங்குகிறவன் கதவைச் சாத்திவிடுவான். நம் நான்கு படி அரிசிக்கு அவர்கள் நடுங்குவது அதனால்தான்.

காயப்பொடியில் என்னென்ன சேர்த்தீர்களோ எனக்குத் தெரியாது. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சதகுப்பை என்று ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிப் பொட்டலத்தோடு ஒட்டிக் கொண்டுவாருங்கள். கொத்தமல்லியோ சீரகமோ சேர்ந்திருந்தால் அதைத் தவிர்த்துப் புதிதாக ஒரு கிலோ இடித்துவிடுங்கள். அரைத்துவிட்டால் தப்பும் என்று நினைக்க வேண்டாம். கருப்பட்டி, அப்பளம் இரண்டையும் எழுதிக் காட்டித்தான் எங்கள் வீட்டுக்கு வருகிற எல்லோரும் கொண்டுவருகிறார்கள், இதுவரை பறிபோனதில்லை. மிதுக்க வற்றலும் சுண்டை வற்றலும் உள்ளே விதையோடு இருப்பவை. என் அம்மா கொண்டுவந்த மிதுக்க வற்றலை எடுத்துக்கொண்டார்கள். பால்கோவா மாதிரி பால் பண்டம் வேண்டவே வேண்டாம். நம் மாடுகளுக்கு வருகிற கோமாரி ஆஸ்திரேலியாவில் 1872-க்குப் பிறகு தலைகாட்டியதில்லை. பாலிலும் நெய்யிலும் அவ்வளவு கவனம். அல்வாவோ நெய்யில் மிதக்கிற பண்டம். கொண்டுவருவதும் வராததும் உங்கள் விருப்பம், எடுத்துவிட்டால் அழக்கூடாது.

வறட்டி! டீச்சரம்மா, மாட்டுச் சாணமும் பூசணி விதையும் ஒரே பொருளில்! அதைக் கண்டால் அந்த அதிகாரிக்கு எந்தச் சட்டத்தில் எழுதுவது என்றே தெரியாமல் போகும். தயவுசெய்து அது சுவரிலேயே இருக்கட்டும்.

இன்னொன்று. அந்த அட்டையில், கடந்த முப்பது நாளில் பண்ணைக்கோ, கால்நடை இருக்கும் இடத்துக்கோ, ஆறு ஏரிக்கோ போனீர்களா என்றும் கேட்பார்கள். வீட்டில் பசு உண்டு, தினமும் தாமிரபரணியில் குளியல் என்றால் அதற்கும் "ஆம்" தான். செருப்பின் அடியில் மண் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

மருமகன் சொன்னது உண்மை. மெல்போர்னிலேயே டாண்டினாங் பக்கம் போனால் இட்லி அரிசி, உளுந்து, நல்லெண்ணெய், வற்றல் மிளகாய் எல்லாம் கடை நிறைய இருக்கிறது. அம்பை 16 கிடைக்காது, அது ஒன்றுதான் குறை.

ஊர் சுற்றி எழுதியது:

எதற்கு இவ்வளவு பயமுறுத்துகிறீர்கள்? நான் மூன்று தடவை முருங்கை விதையும் கத்தரி விதையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறேன். ஒருவரும் கேட்கவில்லை. நான்கு விதையில் நாடு முழுகிவிடுமா?

புளியங்குடி எலுமிச்சை எழுதியது:

முழுகும் தம்பி. முழுகியதைப் பார்த்தவன் சொல்கிறேன்.

எனக்கு மூன்று ஏக்கர் எலுமிச்சை, கொஞ்சம் தென்னை. 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் ஒரு புது வெள்ளை ஈ தென்பட்டது. சுருள் சுருளாக முட்டையிடும் வெளிநாட்டு ஈ. அது எங்கள் பக்கம் வந்து சேர்ந்தபோது மட்டையின் அடிப்பக்கம் முழுக்க மாவு தூவிய மாதிரி இருந்தது. அது கழிக்கும் தேன் போன்ற நீர் கீழ் மட்டைகளில் சொட்டி, அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து, பச்சை மட்டை கரி பூசியதுபோல் ஆனது. விரலால் தேய்த்தால் கரி ஒட்டும். தென்னைக்கு அடியில் நின்ற வாழையும் கறுத்துப் போனது. அதற்கு முன்னால் 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி. அது மெக்சிகோ பக்கத்துச் சரக்கு. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றையும் தின்று தீர்த்தது. மருந்தடித்து அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோரிக்கோவிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டபிறகுதான் அடங்கியது. இதெல்லாம் சிறகு விரித்துக் கடல் தாண்டி வந்தவையா? யாரோ ஒருவருடைய செடியோடு, காயோடு, பையோடு வந்தவைதான். அவரும் உன்னைப்போல "ஒருவரும் கேட்கவில்லை" என்று சொல்லியிருப்பார்.

டீச்சர் அவர்களே, உங்கள் கறிவேப்பிலையைப் பற்றித்தான் நான் பேச வந்தேன். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம். இரண்டின் தளிரிலும் ஒரே பூச்சி உட்காரும், சைலிட் என்பார்கள். தலையை இலையில் ஊன்றிப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்கார்ந்திருக்கும். ஒரு தடவை பார்த்தால் மறக்காது. கறிவேப்பிலைக்கு அதனால் பெரிய கேடில்லை. ஆனால் அது எலுமிச்சையிலும் ஆரஞ்சிலும் உட்கார்ந்தால் கிரீனிங் என்ற நோயைப் பரப்பும். இலை ஒருபக்கம் மஞ்சள், ஒருபக்கம் பச்சை என்று திட்டுத்திட்டாக மாறும். காய் சிறுத்துக் கோணிப் போகும். மரத்துக்கு வைத்தியமே கிடையாது, வெட்டி எரிப்பதுதான். என் தோட்டத்தில் பதினேழு மரம் வெட்டியிருக்கிறேன். அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் அந்தப் பூச்சியை 1998-இல் கண்டார்கள், நோயை 2005-இல். இன்று அங்கே ஆரஞ்சு விளைச்சல் பழைய உச்சத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. அதனால்தான் அமெரிக்காவுக்குப் போகிறவர் பெட்டியில் கறிவேப்பிலையைக் கண்டால் அப்படிப் பிடுங்குகிறார்கள். ஆஸ்திரேலியாவில் இன்னும் அந்தப் பூச்சியும் இல்லை, நோயும் இல்லை. இருக்கவும் வேண்டாம். நிழலில் உலர்த்தினேன் என்கிறீர்கள். நிழலில் உலர்ந்ததில் முட்டை செத்ததா என்று யார் பார்த்தது?

விதை கொண்டுபோக முறையான வழி உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பைட்டோசானிட்டரி சான்றிதழ் என்ற தாவர நலச் சான்றிதழ் வாங்க வேண்டும். தூத்துக்குடியிலேயே மத்திய அரசின் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையம் இருக்கிறது. ஆனால் நம்மூர்ச் சான்றிதழ் இருந்தால் மட்டும் போதாது. போகிற நாடு அந்த விதையை அனுமதிக்க வேண்டும். ஆஸ்திரேலியா பைகான் என்று ஒரு இணையத் தரவுத்தளம் வைத்திருக்கிறது. தாவரவியல் பெயரைப் போட்டுத் தேடினால் எந்த விதைக்கு என்ன நிபந்தனை என்று வரும். விதை மண்ணோ வேறு விதையோ கலவாமல் சுத்தமாக, புதிய உறையில், பெயர் எழுதி இருக்க வேண்டும். அமெரிக்கா என்றால் சிறு அளவு விதைக்கென்றே தனி அனுமதி தருகிறார்கள். உறைக்கு ஐம்பது விதை அல்லது பத்து கிராம் என்று கணக்கு. அவரைக்கு வேண்டுமானால் தேடிப் பாருங்கள். தடியங்காய் பெட்டியில் போகாது, வீரவநல்லூரார் சொன்னதுபோல.

முன்னாள் வளைகுடாக்காரர் எழுதியது:

சுருக்கமாக இரண்டு செய்தி. யாராவது துபாய், சவூதி, சிங்கப்பூர் போவதாக இருந்தால் பெட்டியில் கசகசா ஒரு ஸ்பூன்கூட இருக்கக்கூடாது. நமக்கு அது குருமாச் சாமான். அங்கே போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. வீட்டில் அரைத்த மசாலாவில் கலந்திருந்தாலும் வினைதான். அங்கே இருந்த காலத்தில் ஒரு பையனுக்காக நாங்கள் அறையில் பத்துப் பேர் வக்கீலுக்குப் பணம் பிரித்திருக்கிறோம். அமீரகத்துக்கு வெற்றிலையும் கொண்டுபோகக் கூடாது.

இரண்டாவது, கொப்பரைத் தேங்காய். அதை நாடு தடுப்பதற்கு முன்பே விமானம் தடுத்துவிடும். எண்ணெய்ச் சத்து அதிகம், தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும் பொருள்களின் வகையில் வைத்திருக்கிறார்கள். டீச்சரின் பட்டியலில் கொப்பரை இல்லை, நிம்மதி.

கல்லிடை டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. புளியங்குடி அண்ணாச்சி எழுதியதைப் படித்துவிட்டுக் கொல்லையில் போய்க் கறிவேப்பிலைத் தளிரைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு ஏழெட்டு உட்கார்ந்திருந்தது. இத்தனை வருடம் அதோடு சேர்த்தா பறித்துத் தாளித்திருக்கிறேன்!

அரிசியும் மிளகாயும் வற்றலும் கறிவேப்பிலையும் கட்டிலிலிருந்து இறங்கிவிட்டன. காயப்பொடியைக் கொத்தமல்லி இல்லாமல் மறுபடி இடித்தேன். அல்வாவை எடுத்துப் போகவில்லை. மருமகனுக்கு வருத்தம்தான், ஆனால் அதைக் குப்பைத் தொட்டியில் பார்க்க எனக்கு மனம் வராது. அவரை விதைக்குத் தேடிப் பார்த்ததில் தலை சுற்றியது. இந்த முறை வேண்டாம் என்று விட்டேன். வறட்டியை மதினியிடம் கொடுத்து, ஆடியில் அவள் கொல்லையில் ஊன்றச் சொல்லியிருக்கிறேன்.

கல்லிடை டீச்சர் மறுபடியும் எழுதியது, மெல்போர்னிலிருந்து:

வந்து சேர்ந்துவிட்டேன். அட்டையில் உணவு, மூலிகை மருந்து, மரச்சாமான், பண்ணை, ஆறு எல்லாவற்றுக்கும் "ஆம்" போட்டேன். பார்த்தவுடன் தனி வரிசைக்கு அனுப்பினார்கள். ஒரு சின்னப் பெண், என் மாணவி வயதிருக்கும், கையுறை போட்டுக்கொண்டு பெட்டியைத் திறந்தாள். ஒட்டியிருந்த தாளைப் படித்துவிட்டு, திப்பிலி என்றால் என்ன என்று கேட்டாள். பிரசவித்த பெண்ணுக்கு இதை எதற்குக் கொடுப்போம் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். பின்னால் வரிசை நின்றதால் அவளே சிரித்து நிறுத்தினாள். கருப்பட்டியை உடைத்து முகர்ந்து பார்த்து வைத்துவிட்டாள். பத்தமடைப் பாயை மேசையில் விரித்து, ஓரத் தையலை டார்ச் அடித்துச் சாண் சாணாகப் பார்த்தாள். சொப்புகளில் ஏதாவது துளை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திருப்பினாள். எல்லாம் திரும்ப வந்தது.

எல்லாம் முடிந்தது என்று கைப்பையை எடுத்தபோதுதான் நினைவுக்கு வந்தது. புறப்படும் அன்று காலையில் மதினி அம்மன் கோயிலிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து பையில் போட்டிருந்தாள். "இன்னும் ஒன்று இருக்கிறது" என்று எடுத்து நீட்டினேன். குங்குமம் ஒட்டிய பழத்தை அவள் இரண்டு விரலால் வாங்கி, நன்றி சொல்லித் தொட்டியில் போட்டாள். அபராதம் இல்லை. சாமி பழத்தைக் குப்பையில் போட்டுவிட்டேனே என்று அன்று இரவு முழுக்க ஒரு மாதிரி இருந்தது. மகளிடம் இன்னும் சொல்லவில்லை.

புளியங்குடி எலுமிச்சை எழுதியது:

அது எங்கள் சந்தையிலிருந்து வந்த பழமாகத்தான் இருக்கும். அம்மன் கோபிக்க மாட்டாள், நான் பொறுப்பு. நல்லபடியாகப் பிரசவம் ஆகட்டும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன் டீச்சர்: திரும்பி வரும்போது மகள் வீட்டு ரோஜாக் கம்பு, அங்கே வாங்கிய பூ விதை என்று எதையும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். நம் நாட்டிலும் 2003-ஆம் ஆண்டு முதல் இதற்கு ஆணை இருக்கிறது. இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டுச் சான்றிதழும் இல்லாமல் விதையோ கம்போ உள்ளே வரக்கூடாது.

கல்லிடை டீச்சர் எழுதியது:

ரோஜாக் கம்பை எப்படி அண்ணாச்சி கண்டுபிடித்தீர்கள்? நேற்றுத்தான் மகளிடம் கேட்டு வைத்தேன்.